‘நல்லா இருக்கு’ என்று எழுதாதே

ஜனவரி 9

அன்புள்ள பொடிசு,

இங்கே நானும் மாமாவும் சுகம். மாமாவின் முதுகு வலி மட்டும் விருந்தாளி மாதிரி வந்து வீட்டுக்காரன் மாதிரி தங்கிவிட்டது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? அம்மாவுக்குச் சளி குறைந்ததா?

போனில் பேசினால் நமக்கு இரண்டு நிமிடம்கூடத் தாங்குவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த வேகம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் கடிதம். எழுத உட்கார்ந்தால் கோபம் பாதி ஆறிவிடும். நீயும் போனை எடுக்காமல் பேனாவை எடு.

ஒரு உதவி வேண்டும். நான் செய்கிற வேலை உனக்குத் தெரியும், கம்ப்யூட்டரில் படிக்கிற பாடங்கள். பக்கம் பக்கமாகப் படித்துவிட்டு ‘அடுத்து’ என்று அழுத்துகிற ரகம் இல்லை. படிக்கிறவர் எதையாவது செய்தால்தான் பாடம் நகரும். இதுவரை தீ, கிடங்கு, மூட்டை தூக்குவது என்று போய்க்கொண்டிருந்தது. இப்போது மறதி நோய் வந்தவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பாடம். திரையில் ஒரு வயதான அம்மா ஏதோ சொல்வார். கீழே மூன்று பதில்கள் இருக்கும். எதைத் தொடுகிறோமோ அதற்கேற்ப அந்த அம்மாவின் முகமும் பேச்சும் மாறும்.

நம் அம்மா இப்போது பேசுவதை அப்படியே எழுதி அனுப்பு. நாங்களாகக் கற்பனை செய்தால் எல்லோரும் சினிமாக் கிழவிகளாகிவிடுகிறார்கள். முதல் பாகத்தின் லிங்க்கை உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். செய்து பார்த்துக் கருத்துச் சொல்.

அம்மாவுக்கு என் முத்தம்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைச்சுது. நான் நல்லா இருக்கேன். அம்மாவுக்குச் சளி விட்டுடுச்சு, இருமல் மட்டும் பாக்கி. மாமாவைத் தரையில படுக்கச் சொல்லு, அந்தப் பஞ்சு மெத்தைதான் அவருக்கு எதிரி.

பகல்ல நான் கண்ணாடிக் கடைக்குப் போனதும் எதிர் வீட்டு டெய்லரம்மா வந்து அம்மாகூட இருக்காங்க. மெஷினையும் இங்கேயே கொண்டாந்து போட்டுட்டாங்க. அந்தச் சத்தம் கேட்டா அம்மா கொஞ்சம் அடங்கி உக்காருவா.

நீ கேட்டதை எழுதறேன். எதைக் கேட்டாலும் “லைன்ல இருங்க”ன்னு சொல்றா. காலமெல்லாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல உக்காந்து சொன்ன வார்த்தையாச்சே, மத்ததெல்லாம் போனாலும் அது போகலை. சாப்பிடும்மான்னா “லைன்ல இருங்க.” குளிக்கலாமான்னா “லைன்ல இருங்க, பார்ட்டி பேசிட்டிருக்காங்க.” அப்புறம் சாயங்காலமானா “நான் வீட்டுக்குப் போகணும், வண்டி வந்துடுச்சா?” இது வீடுதாம்மான்னா, என்னை ஏமாத்தறியான்னு கேப்பா. என்னை யாருன்னு தெரியறதில்லை. “நீங்க நல்லாத்தான் கவனிச்சுக்கறீங்க. ஆனா என் பெரிய பொண்ணு வந்துடுவா, அவ ரொம்பக் கெட்டிக்காரி”ன்னு என்கிட்டயே உன் புகழ் பாடறா.

பாடம் பார்த்தேன். நல்லா இருக்கு. அந்த அம்மா ரொம்ப அழகு, பல்லெல்லாம் வரிசையா இருக்கு.

நீ எப்ப வர?

உன் தங்கை,
பொடிசு


ஜனவரி 24

அன்புள்ள பொடிசு,

இருவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. இருமலுக்கு வெந்நீர் கொடுக்கிறாயா?

அம்மாவின் பேச்சை எங்கள் குழுவில் படித்துக் காட்டினேன். ‘லைன்ல இருங்க’ என்றதும் எல்லோருக்கும் சிரிப்பு, பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் பாகத்தில் அதைச் சேர்த்துவிட்டோம்.

ஆனால் ‘நல்லா இருக்கு’ என்று எழுதாதே. அதை வைத்துக்கொண்டு நான் நாக்கு வழிக்கக்கூட முடியாது. ஒரு கிடங்குக்குத் தீப் பாடம் செய்தோம். படித்த அத்தனை பேரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். ஒரு வாரம் கழித்து நேரில் போய் ஒருவரிடம், “மணி அடிச்சா எந்த வாசல் வழியா வெளிய போவீங்க?” என்று கேட்டேன். “மேடம், அந்த நெருப்புப் படம் தத்ரூபமா இருந்துச்சு” என்றார். பிடித்ததா என்று கேட்டால் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். நாம் கேட்பதுதான் தப்பு.

அதனால் உன்னிடம் இப்படிக் கேட்கிறேன். எந்த இடத்தில் உன் கை நின்றது? எந்தப் பதிலைத் தொட நினைத்து, அது அங்கே இல்லாமல் போனது? மறுநாள் அம்மாவிடம் பேசும்போது பாடத்திலிருந்து ஏதாவது நினைவுக்கு வந்ததா? என்னைப் புகழ வேண்டாம், திட்டு. சின்ன வயதிலிருந்தே உனக்கு நன்றாக வருகிற காரியம்தானே.

இரண்டாம் பாகமும் அனுப்பியிருக்கிறேன். சீக்கிரம் எழுது, மார்ச்சில் முடித்துக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 2

அக்காவுக்கு,

எல்லாரும் இருக்கோம். உங்க உடம்பைப் பார்த்துக்கங்க.

ரெண்டாவது பாகத்தைச் செஞ்சு பார்த்துட்டேன். எழுத ஒரு மாசம் இழுத்துட்டுது. நீ திட்டச் சொன்னே. திட்ட ஒண்ணுமில்லை, நடந்ததைச் சொல்றேன்.

உன் பாடத்துல அந்த அம்மா தட்டைத் தள்ளிவிடறாங்க. கீழ மூணு பதில். “பரவாயில்லம்மா, அப்புறம் சாப்பிடலாம்.” “இது பிடிக்கலையா, வேற தரட்டுமா?” “வாங்க, ஜன்னல் பக்கம் போய் உக்காரலாம்.” மூணும் தேன்ல தோய்ச்ச மாதிரி இருக்கு. எது சரின்னு யோசிக்கவே வேணாம், எல்லாமே புண்ணியவதி பேசறது. என் கை அங்கதான் நின்னுது.

போன மாசம் ஒரு மத்தியானம் அம்மா தட்டைத் தள்ளலை, என் மூஞ்சில எறிஞ்சா. சூடு. நான் குனிஞ்சு தரையைத் துடைச்சுட்டிருந்தேன். முடியைப் பிடிச்சு இழுத்து, “திருட்டு நாயே, என் வீட்டுல உனக்கு என்ன வேலை? என் பெரிய பொண்ணு வரட்டும், உன்னை வாசல்ல தள்ளுவா”ன்னா. நானும் உன் ஜன்னல் பக்கத்தைச் சொல்லிப் பார்த்தேன், சத்தியமா. “வாம்மா, ஜன்னல் பக்கம் போலாம்.” கையைக் கடிச்சுட்டா. அப்ப நான் சொன்னேன், “சீக்கிரம் செத்துத் தொலையேன்.” கத்திச் சொல்லலை. விலை கேக்கறவங்களுக்கு விலை சொல்ற மாதிரி சாதாரணமாச் சொன்னேன்.

அம்மா என்னையே பார்த்தா. பிடியை விட்டா. “சரிம்மா, லைன்ல இருங்க”ன்னா.

நான் பாத்ரூம்ல போய்த் தண்ணியைத் திறந்துவிட்டு உக்காந்திருந்தேன்.

உன் கேள்விக்கு என் பதில் இதுதான். நான் தொட நினைச்சது அங்க இல்லை. அது இல்லாத பாடத்தை என்ன மாதிரி ஆளுங்க படிச்சா, எல்லா வீட்லயும் எல்லாரும் நல்லவங்க, நான் ஒருத்திதான் ராட்சசின்னு நினைச்சுக்குவாங்க. நான் அப்படித்தான் நினைச்சேன்.

டெய்லரம்மாவுக்கு மகளோட பிரசவம், ஊருக்குப் போயிட்டாங்க. நான் கடைக்கு இப்போ போறதில்லை.

எப்ப வரேன்னு நீ எழுதவே இல்லை.

பொடிசு


மார்ச் 5

அன்புள்ள பொடிசு,

உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. உடனே உட்கார்ந்து எழுதுகிறேன். கடித்த இடத்துக்கு மருந்து போட்டாயா? ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

எத்தனையோ பாடங்களுக்கு எத்தனையோ பேரிடம் கருத்துக் கேட்டிருக்கிறேன், இப்படி ஒன்று வந்ததே இல்லை. யார் என்று சொல்லாமல் குழுவில் படித்தேன். எங்கள் மேனேஜர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். நீ சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எல்லாப் பதிலும் நல்ல பதிலாக இருந்தால் தேர்ந்தெடுப்பதில் அர்த்தமே இல்லை. நான்காவதாக ஒரு பதில் வைக்கப்போகிறோம், உண்மையான பதில். இனி இந்தப் பாடத்துக்கு உயிர் வந்துவிடும். உனக்குத்தான் நன்றி.

வேலை கழுத்தை நெரிக்கிறது. முடிந்ததும் விவரமாக எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

அம்மா சுகம். நான் சுகமான்னு கேட்டா, கடைசி வரைக்கும் படி.

தனியா சமாளிக்க முடியலைன்னு, வீட்டுக்கு ஆள் அனுப்பற ஒரு நிறுவனத்துல பதிஞ்சு வெச்சேன். ஆளை அனுப்பறதுக்கு முன்னாடி வீட்டுல இருக்கறவங்களும் ஒரு பாடம் படிச்சுத் தேறணுமாம். நேத்து போனேன். மாடியில ஒரு ரூம், சுவரோரமா கம்ப்யூட்டர், காதுல மாட்டிக்க ஆளுக்கு ஒண்ணு. என் பக்கத்துல ஒரு சின்னப் பொண்ணு, மாமியாருக்காக வந்திருந்தா.

திரையைத் திறந்ததும் அந்த வரிசைப்பல் அம்மா. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, நம்ம அக்கா பாடம்னு கொஞ்சம் பெருமைகூட வந்துச்சு. தட்டு எறியற இடம் வந்துச்சு. நாலாவது பதில் இருந்துச்சு. “சீக்கிரம் செத்துத் தொலையேன்.” கமா, புள்ளி மாறாம.

வேணும்னேதான் தொட்டேன். நீ என்ன எழுதியிருப்பேன்னு பார்க்கணும்னு. அந்த அம்மா மூக்கால அழுதுக்கிட்டே “சரிம்மா, லைன்ல இருங்க”ன்னாங்க. உடனே திரை முழுக்கச் சிவப்பு. “தவறான பதில். இப்படிப் பேசுபவரிடம் நோயாளியை ஒப்படைக்க இயலாது. முதலிலிருந்து தொடங்கவும்.”

பக்கத்துப் பொண்ணு எட்டிப் பார்த்தா. “கை தவறிப் பட்டுடுச்சாக்கா? எனக்கும் பட்டுச்சு. இப்படியெல்லாம் யாராவது பேசுவாங்களா? பேய் ஜென்மம்”னா.

நான், “ஆமாம்மா, யாரு பேசுவா”ன்னேன்.

திரும்ப முதல்லேர்ந்து செஞ்சேன். எல்லாம் தேன் பதிலாத் தொட்டுத் தேறிட்டேன்.

உன்கிட்டதானேன்னு எழுதினேன்க்கா. வேற யாருகிட்டயும் அதை நான் சொன்னதில்லை. எத்தனை ஊர்ல, எத்தனை ரூம்ல அந்தச் சிவப்பு எரியுது இப்போ?

பொடிசு


ஏப்ரல் 30

அன்புள்ள பொடிசு,

நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நான் எழுதியது அந்தச் சிவப்புத் திரை இல்லை. நான்காவது பதிலைத் தொட்டால், “இந்த வார்த்தை களைப்பிலிருந்து வருகிறது. கடைசியாக நீங்கள் எப்போது நிம்மதியாகத் தூங்கினீர்கள்?” என்று வர வேண்டும். அதன் பின்னால் உதவி எங்கே கிடைக்கும் என்று ஒரு பக்கம். பாடத்தை வாங்குகிற தரப்பில் ஒரு டாக்டரும் ஒரு வக்கீலும் பார்த்தார்கள். “மன்னிக்கற மாதிரி இருக்கு, நாளைக்கு யாராவது அடிச்சுட்டு இதைக் காட்டினா என்ன பண்றது?” என்றார் வக்கீல். “நீளம்” என்றார் டாக்டர். அந்த இரண்டு திரையும் போய்விட்டன.

அப்போது பதிலையே எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னேனா என்று கேட்பாய். சொல்லவில்லை. சோதித்துப் பார்த்தபோது எல்லோரும் அந்த ஒரு இடத்தில்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் கேட்டபோதும் அதைத்தான் நினைவு வைத்திருந்தார்கள். எங்கள் கணக்கில் அது வெற்றி.

லீவு சொல்லிவிட்டேன். பத்தாம் தேதி காலை அங்கே இருப்பேன். மீதியை நேரில் திட்டு.

அக்கா


மே 21

அக்காவுக்கு,

நல்லபடியாப் போய்ச் சேர்ந்திருப்பே. மாமாவை விசாரிச்சதாச் சொல்லு.

நீ இருந்த ரெண்டு நாளையும் மனசுக்குள்ள ஓட்டி ஓட்டிப் பார்க்கறேன். உன் பாடம் தேன்ல தோய்ச்சதுன்னு நான் எழுதினதை வாபஸ் வாங்கிக்கறேன். அது பலிக்குது. நான் என் கண்ணால பார்த்தேன். “வண்டி வந்துடுச்சா?”ன்னு அம்மா எழுந்தப்போ, நீ பதறாம, “வீட்டுல யாரெல்லாம் இருக்காங்கம்மா?”ன்னு கேட்டே. அம்மா தாத்தாவிலேர்ந்து ஆரம்பிச்சு நாய் வரைக்கும் சொன்னா. சொல்லிட்டு உக்காந்துட்டா. நீ ஊட்டினா ஒரு வாய் சிந்தலை. உன் கையைப் பிடிச்சுக்கிட்டு, “இவங்க ரொம்ப நல்ல மாதிரி”ன்னு என்கிட்ட சொன்னா.

நீ அடுப்புப் பக்கம் வந்து, “பாத்தியா, சொல்ற விதமாச் சொன்னா கேக்கறாங்கடி”ன்னு மெதுவா சொன்னே. அடிச்சிருந்தாக்கூட வாங்கிட்டிருப்பேன்.

நீ படிச்சுட்டு, தூங்கிட்டு, குளிச்சுட்டு வந்து இறங்கினவ. ரெண்டு நாள் நானும் தேனாப் பேசுவேன். நீ ஆட்டோ ஏறினதும் அம்மா உன்னைத் தேடிக் கதவை இடிச்சா. விரல் வீங்கிப் போச்சு. உன்னை நான்தான் ஒளிச்சு வெச்சிருக்கேனாம். நிறுவனத்துலேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க, பாடத்துல முழு மார்க் வாங்கினவங்களாம். முதல் தட்டு பறந்ததும் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.

யோசிச்சு முடிவு பண்ணிட்டேன். ஜூன் முதல் வாரம் அம்மாவை ரயில்ல கூட்டிட்டு வரேன். உன்கிட்ட விட்டுட்டு நான் திரும்பிடுவேன். கண்ணாடிக் கடைக்காரர் என் இடத்தை இன்னும் யாருக்கும் குடுக்கலையாம். அம்மாவும் உன்னைத்தானே கேக்கறா. வேணாம்னு எழுதாதே. எழுதினாலும் படிக்க மாட்டேன்.

பொடிசு


ஜூன் 29

அன்புள்ள பொடிசு,

அம்மா நலம். நாங்களும் நலம். நீ வேலைக்குப் போக ஆரம்பித்திருப்பாய்.

அம்மா நன்றாகத் தூங்குகிறார். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மருந்து. கொஞ்சம் எடைகூடப் போட்டிருக்கிறார். சாயங்காலம் மரத்தடியில் உட்காருகிறார். நீ எதற்கும் கவலைப்படாதே. இத்தனை நாள் நீ பார்த்துக்கொண்டது போதும்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 14

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் நல்லா இருப்பீங்க.

உன் ஜூன் மாசக் கடிதத்தைப் படிச்சப்பவே என்னமோ உறுத்துச்சு. அம்மா சொன்னதா ஒரு வார்த்தைகூட அதுல இல்லை. அம்மா பேச்சை வெச்சுப் பாடமே கட்டினவ நீ. சரி, வேலை அதிகம்போலன்னு இருந்துட்டேன். நீ இருக்கறது நாலாவது மாடி, அங்க ஏது மரத்தடின்னும் எனக்குத் தோணலை.

போன வாரம் என் போனுக்கு ஒரு செய்தி. “உங்கள் தாயார் எங்கள் இல்லத்துக்கு வந்து இரண்டு மாதம் நிறைவடைகிறது. எங்கள் சேவை குறித்து உங்கள் கருத்து என்ன?” உனக்கு அடுத்தபடியா கூப்பிட வேண்டிய ஆளுன்னு என் நம்பரைக் குடுத்திருக்கே. நான் அம்மாவை விட்டுட்டு வந்து ரெண்டு மாசம், சொச்சம் சில நாள். அந்தச் சில நாள்தான் உன் வீடு.

உன்கிட்ட சொல்லாம கிளம்பினேன். அம்மாவைக் கையோட கூட்டிட்டு வந்துடறதுன்னு காலிப் பை ஒண்ணும் எடுத்துக்கிட்டேன். ரயில்ல வழி முழுக்க உன்னை என்னென்ன கேக்கணும்னு சொல்லிப் பார்த்துக்கிட்டேன். எதிர் சீட்டுக்காரர் இடம் மாறி உக்காந்துட்டார்.

இல்லம் சுத்தமா இருக்கு. அம்மா நகமெல்லாம் வெட்டி, தலை வாரி, மரத்தடியில உக்காந்திருந்தா. கன்னத்துல சதை போட்டிருக்கு. ஒரு பொண்ணு பால் கொண்டாந்துச்சு. அம்மா டம்ளரைத் தட்டிவிட்டா. அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே, “பரவாயில்லம்மா, அப்புறம் குடிக்கலாம்”னு சொல்லிட்டுத் துடைக்கத் துணி எடுக்கப் போச்சு. நடிப்பு இல்லை. எட்டு மணி நேரம் வேலை பார்த்துட்டு வீட்டுக்குப் போற பொண்ணு அது. அதுக்கு அந்தப் பதில் நிஜமாவே வருது.

அது திரும்பி வந்ததும் உன்னைப் பத்திக் கேட்டேன். “பெரியவங்களா? வாரம் தவறாம வருவாங்க. உள்ள வர மாட்டாங்க, வராந்தாவுல நின்னு கண்ணாடி வழியாப் பாத்துட்டுப் போயிடுவாங்க. அம்மாவைச் சேக்க வந்த அன்னிக்கு அவங்க முகமெல்லாம் நகக்கீறல். நாங்கதான் மருந்து போட்டு அனுப்பினோம்”னுச்சு.

அதைக் கேட்டப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. நல்லா வேணும்னு இருந்துச்சு. புகழாதேன்னியே, அதான் நடந்ததைச் சொல்றேன். அந்த நாலஞ்சு நாள்ல நீ அம்மாகிட்ட என்ன பதில் சொன்னேன்னு நான் கேக்கப் போறதில்லை. நீயும் எழுதாதே.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, “உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க? யாரைப் பார்க்கணும்?”னா. மரியாதையான குரல். என்னை நாயேன்னு சொன்ன வாய். சும்மா வந்தேங்கன்னு சொல்லி உக்காந்தேன். கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கிட்டிருந்தோம். அவ தோள் என் தோள்ல பட்டுச்சு. அவ நகர்த்திக்கலை.

அப்புறம் பையை மடிச்சுக் கைக்குள்ள வெச்சுக்கிட்டுக் கிளம்பினேன். கூட்டிட்டுப் போகணும்னு எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தோணலைக்கா. என்னைக் கூட்டிட்டுப் போயிடுன்னு அவ அழணும், நான் உன்னைக் கிழிக்கணும்னு எவ்வளவு ஆசையா வந்தேன் தெரியுமா? ரெண்டும் நடக்கலை. திரும்பி வர்ற ரயில்ல, உக்காந்தபடியே ஊர் வர்ற வரைக்கும் தூங்கினேன். டிக்கெட் பாக்கறவர் தட்டி எழுப்பினார்.

நீ எனக்குத் தெரியாம அம்மாவைக் கொண்டுபோய் விட்டது தப்புன்னு சொல்ல எனக்கு வாய் இல்லை. இல்லத்துல விடறதை என் கையால பண்ண முடியாமத்தானே உன் தலையில கொண்டாந்து இறக்கினேன்? நீ செஞ்சது சரியாப் போச்சு. அதைத்தான் என்னால மன்னிக்க முடியலை. தப்பாப் போயிருந்தா ரெண்டு வருஷம் திட்டித் தீர்த்துட்டு உன்கூடப் பேச ஆரம்பிச்சிருப்பேன்.

மாசத்து முதல் செவ்வாய்க்கிழமை எனக்குக் கடை லீவு. அன்னிக்கு அம்மாவைப் பார்க்க வருவேன். நீ வேற நாள்ல போ.

உன் தங்கை